வாடிய ஆர்க்கிட்டுக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

பூத்துக் குலுங்கும்போது வாங்கி வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் சில மாதங்களில் இலை தொங்கி, தோல்போல் சுருங்கி நிற்கும். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். இலை இன்னும் தொங்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தச் செடியின் வேர் ஏற்கெனவே அழுகியிருக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இருக்காது. அதனால்தான் மூழ்கிய செடியும் காய்ந்த செடியும் மேலே ஒரே மாதிரி தெரிகின்றன.

ஃபெலனாப்சிஸ் காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுத்தாவரம். அதன் வேரைச் சுற்றி வெலாமென் என்ற உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன இந்த உறை பஞ்சுபோல மழைநீரைப் பிடித்து உள்வேருக்குக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் உலர்ந்துவிடும். உலர்ந்தபோது செல்களுக்குள் காற்று நிறைவதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்தால் உறை தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். எப்போது தண்ணீர் விடலாம் என்பதை இந்த நிறமே சொல்லிவிடும். உறை நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் ஆபத்து. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. உள்வேர் மூச்சுத்திணறிச் சாகும். பூஞ்சை பிறகு வந்து சேரும்.

எனவே முதலில் செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். வேர்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் 15 நிமிடம் நீரில் வைத்தால் வளைந்துகொடுக்கும். பழைய கலவை முழுவதையும் கழுவிவிட்டு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நிறம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. அழுகிய வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். மெல்ல இழுத்தால் மேலுறை உருவிக்கொண்டு வர, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நல்ல பகுதி தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டியோ 70% ஆல்கஹாலில் துடைத்தோ பயன்படுத்த வேண்டும். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டுவையுங்கள். அது ஈரத்தை இழுத்துவிடும், நல்ல வேரில் பட்டால் அந்த வேரும் காய்ந்துபோகும். பூந்தண்டு இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடியிலிருந்து 2 செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள். பிறகு ஒரு நாள் நிழலில் உலரட்டும்.

மீண்டும் நடும்போது பெரிய தொட்டி வேண்டாம். அதன் நடுப்பகுதி காயவே காயாது. மிஞ்சிய வேர்கள் நெருக்கமாக அடங்கும் 4 அங்குலத் தொட்டி போதும். அடியிலும் பக்கத்திலும் துளை உள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டி என்றால் வேரின் நிறத்தைத் தினமும் பார்க்கலாம். 1 முதல் 2 செ.மீ. அளவில் பைன் மரப்பட்டையும் மரக்கரியும் நல்ல கலவை. பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டு சரிதான்; ஆனால் அதில் உப்பு அதிகம், 3 நாள் ஊறவைத்துத் தினமும் நீரை மாற்ற வேண்டும். தேங்காய் நார்த்தூளும் தோட்டமண்ணும் கூடவே கூடாது. செடி ஆடினால் புதிய வேர்நுனி உரசி உடையும் என்பதால் குச்சியில் கட்டிவிடுங்கள்.

வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லையா? ஸ்பேக்னம் பாசியை நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்கிற அளவுக்குப் பிழிந்து, தெளிந்த பிளாஸ்டிக் பையில் பரப்புங்கள். செடியின் அடி பாசிக்குச் சற்று மேலே இருக்கட்டும். பையைக் கட்டி வெளிச்சமான நிழலில் வைத்து, 3 நாளுக்கொருமுறை திறந்து காற்று காட்டுங்கள். ஈரக்காற்று இலையின் நீரிழப்பைக் குறைக்கிறது. புது வேர் வரச் சில மாதங்கள் ஆகலாம். பையில் நேர்வெயில் பட்டால் செடி வெந்துவிடும்.

தொட்டியில் நட்ட செடிக்கு முதல் 3, 4 நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு தாராளமாக ஊற்றி, முழுக்க வடியவிட்டு, வேர் வெள்ளியாகும்வரை காத்திருங்கள். காலையில் ஊற்றுவதே நல்லது. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுங்கள். ஃபெலனாப்சிஸுக்குத் தண்டில் வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். குருத்து அழுகினால் அதன் மேல் வளர்ச்சி நின்றுவிடும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். ஆர்க்கிட்டுக்கு அது நஞ்சு, உப்பு அதில் செறிந்திருக்கும். தொட்டியில் வெள்ளைப் படிவும் கருகிய வேர்நுனியும் அதன் அடையாளங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. உரத்தைப் புது வேர் தெரியும்வரை தொடாதீர்கள். அதன்பின் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம் வீதம், இரண்டு வாரத்துக்கொருமுறை கொடுக்கலாம்.

பழைய இலையின் சுருக்கம் முழுதாக மறையாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடித்தண்டைப் பிளந்துகொண்டு வரும் பச்சை அல்லது செம்பழுப்பு நிற வேர்நுனியைத் தேடுங்கள். அது தெரிந்த பிறகு முளைக்கும் இலை விறைப்பாக வந்தால் செடி பிழைத்துவிட்டது. பூவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்: வெப்பம் சில வாரங்களாவது 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இது மொட்டுத்தண்டு விடும். சென்னை போன்ற ஊரில் அதற்கு மார்கழி, தை மாதங்களை விட்டால் வேறு வழியில்லை.