சொல் விளக்கம்: கர்னல் பேனிக்

"கர்னல் பேனிக் – நாட் சிங்க்கிங்." லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியின் கறுப்புத் திரையில் இந்த வரி வந்துவிட்டால் அதற்குப் பிறகு சுட்டி அசையாது, விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. பழைய வகை விசைப்பலகை என்றால் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு எரியும். திரை வேலை செய்யாவிட்டாலும் சேதி போய்ச் சேரட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. பொருள் இதுதான்: இயங்குதளத்தின் மையப்பகுதி, தன்னால் சரிசெய்ய முடியாத பிழையொன்றைத் தனக்குள்ளேயே கண்டு, இனி ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை என்று நின்றுவிட்டது.

முதலில் 'கர்னல்', அதாவது அந்த மையப்பகுதி. தமிழில் எழுதினால் ராணுவக் கர்னலும் கணினிக் கர்னலும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆங்கிலத்திலும் எழுத்துதான் வேறு, ஒலி ஒன்றே. ராணுவத்தார் படை வரிசையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்வழி வந்தவர். கணினியில் இருப்பது தானியவழி. பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் தானியமணி. அதன் சிறுமை வடிவம்தான் கர்னல், அதாவது ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு. நம்மிடமிருந்து கட்டளை வாங்கும் வெளி நிரலுக்கு 'ஷெல்', ஓடு, என்று பெயர் வைத்ததும் இதோடு பொருந்திப் போகிறது. தமிழில் உட்கரு என்றும் கருனி என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. புழக்கத்தில் கர்னல்தான் நிலைத்திருக்கிறது என்பதால் இங்கும் அப்படியே.

நினைவகம் யாருக்கு எவ்வளவு, செயலியில் (ப்ராசசர்) யாருக்கு எப்போது முறை, வட்டில் எங்கே எழுதுவது என்று தீர்மானிப்பது கர்னல். உலாவியோ சொற்செயலியோ தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், செயலி உடனே கர்னலிடம் முறையிடும். கர்னல் அந்த நிரலைக் கொன்றுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கும். ஆனால் தவறு செய்வது கர்னலே என்றால் யாரிடம் முறையிடுவது? அதற்கு மேல் ஆள் இல்லை. பேனிக் என்ற ஏற்பாடு தேவைப்பட்டது இங்கேதான்.

'பேனிக்' கிரேக்கச் சொல். ஆட்டுக்காலும் கொம்பும் உடைய பான் என்ற தெய்வம் ஆர்க்காடியா மலைகளில் மேய்ப்பர்களின் காவல். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மந்தை காரணமே தெரியாமல் திடீரென்று சிதறி ஓடினால், பான் வெருட்டிவிட்டான் என்பார்கள். பானுக்குரிய அச்சம் என்ற அடைமொழி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் ஊரில் மாடு மிரண்டது என்கிறோமே, அந்த மிரட்சிதான் சொல்லின் வேர்.

கணினிக்கு இந்தச் சொல் வந்த கதையை மல்டிக்ஸ் இயங்குதளத்தில் பணியாற்றிய டாம் வான் வ்லெக் பதிவு செய்திருக்கிறார். தான் எழுதும் நிரலில் பாதி, பிழை நேர்ந்தால் எப்படி மீள்வது என்பதற்கே போகிறது என்று அவர், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம் சொன்னாராம். யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றாராம் ரிச்சி. பிழை வந்தால் பேனிக் என்றொரு செயற்கூறை (ஒரு வேலைக்கான நிரல் துண்டு) அழைப்போம், எந்திரம் விழுந்துவிடும், மறுபடி கிளப்பு என்று நடைக்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியதுதான். சோம்பேறித்தனம் போலத் தெரியும். ஆனால் மீட்பு நிரலும் நிரல்தானே, அதிலும் பிழை இருக்கும். அரிதாக ஓடும் நிரலில் பிழைகள் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். ரிச்சி பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது என் கட்சி.

1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் அந்தச் செயற்கூறு சில வரிகள்தான். காரணத்தை ஒரு மாறியில் போட்டு வைக்கும் (முனையம் அணைந்திருந்தால் பிறகு நினைவகத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பும் உண்டு). நினைவகத்தில் தேங்கியிருக்கும் தரவை வட்டில் எழுதச் சொல்லும். 'பேனிக்' என்று அச்சிடும். பிறகு முடிவில்லாத சுழற்சியில் சும்மா இருக்கும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01இல் இது இன்னும் சின்னது: செய்தியை அச்சிடு, நின்றுவிடு.

அந்த 'நாட் சிங்க்கிங்' பலரைக் குழப்புகிறது. எதனுடனோ ஒத்திசைவு போய்விட்டது என்று நினைத்து வலைப்பின்னலைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. 'சிங்க்' என்பது யூனிக்ஸ் வழக்கில் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி இரண்டையும் ஒன்றாக்குவது. லினக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில் பேனிக் வந்தால் பெரும்பாலும் வட்டில் எழுதிவிட்டே நிற்கும். ஸ்வாப்பர் என்ற அடிப்படைப் பணிக்குள் பேனிக் வந்தால் மட்டும் 'எழுதவில்லை' என்று சொல்லும். பிறகு எப்போதுமே எழுதுவதில்லை என்று ஆனது. காரணம் எளிது. கர்னலே குழம்பிக் கிடக்கும்போது அதன் கையிலுள்ள தரவை எப்படி நம்புவது? கெட்டுப்போனதைக் கொண்டுபோய் நல்ல வட்டில் எழுதினால், மறுபடி கிளப்பினாலும் கோப்புகள் மிஞ்சாது. கடைசிச் சில நொடிகளின் வேலை போகட்டும், வட்டாவது பிழைக்கட்டும் என்ற கணக்கு இது. இதில் மிரட்சி எங்கே இருக்கிறது? பான் வெருட்டிய மந்தை கண்மண் தெரியாமல் ஓடும். கர்னலோ ஓடாமல் நிற்கிறது. செயலுக்கு நேர்மாறான பெயர் அதற்கு வாய்த்திருக்கிறது.

பேனிக்குக்கு ஒரு தம்பி உண்டு: 'ஊப்ஸ்'. ஏதோ ஒரு சாதன இயக்கி (வன்பொருளை இயக்கும் நிரல்) செல்லாத முகவரியைத் தொட்டுவிட்டது, ஆனால் சேதம் அந்த இடத்தோடு நின்றிருக்கலாம் என்று தோன்றினால், லினக்ஸ் ஊப்ஸ் என்ற அறிக்கையை எழுதிவிட்டு, அப்போது ஓடிக்கொண்டிருந்த பணியை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓடப் பார்க்கும். செயலியின் கவனத்தைக் கேட்டுச் சாதனம் அனுப்பும் குறுக்கீடு ஒன்றைக் கையாளும் நேரத்தில் இது நடந்தால் ஊப்ஸ் பேனிக்காக முற்றிவிடும். ஊப்ஸ் வந்ததுமே நின்றுவிடு என்று அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு. வங்கி போன்ற இடங்களில், அரைகுறையாக ஓடும் எந்திரத்தைவிட நின்றுபோன எந்திரம் மேல்.

ஊப்ஸ் அறிக்கையைப் பார்த்தால் எண்களின் காடு போலத் தெரியும். ஆனால் பிழையைத் துரத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது மூன்று இடங்கள்தான். முதல் வரி என்ன நடந்தது என்று சொல்லும்: வெற்றுச் சுட்டி (எந்த இடத்தையும் காட்டாத முகவரி), செல்லாத முகவரி, தவறான கட்டளை. அதிலுள்ள முகவரி 8 அல்லது 24 போலச் சின்ன எண்ணாக இருந்தால், முகவரி இல்லாத ஒரு தரவுக் கட்டமைப்பில் எட்டாவது அல்லது இருபத்துநான்காவது பைட்டில் இருக்கும் உறுப்பைத் தேடியிருக்கிறது என்று ஊகித்துவிடலாம். 6பி என்ற பதினாறடிமான எண்ணிணை (ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்தால் எழுதும் முறை) திரும்பத் திரும்ப வந்தால் வேறு கதை. விடுவித்த நினைவகத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும் சோதனை வசதி கர்னலில் உண்டு. ஆகவே யாரோ கைவிட்ட வீட்டுக்குள் பழைய சாவியோடு நுழைந்திருக்கிறார்கள். பட்டியலிலிருந்து அறுத்த உறுப்புகளுக்கு இடும் அடையாளத்தில் 'டெட்' என்றே இருக்கும். அந்த ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்தும் பதினாறடிமான எண்களாகவும் செல்லும் என்பதால் வந்த குறும்பு.

அடுத்தது கட்டளைச் சுட்டி, எந்தக் கட்டளையில் விழுந்தது என்று காட்டுவது. செயற்கூறின் பெயர், ஒரு கூட்டல் குறி, ஓர் எண், சாய்கோடு, இன்னோர் எண். முதல் எண் அந்தச் செயற்கூறுக்குள் எத்தனையாவது பைட்டில் விழுந்தது என்பது. இரண்டாவது செயற்கூறின் மொத்த நீளம். பிழைநீக்கத் தகவலோடு கட்டிய கர்னல் கையில் இருந்தால், 'அட்ரஸ்-டு-லைன்' போன்ற கருவி அதை மூலநிரலின் வரி எண்ணாகவே மாற்றித் தரும்.

கடைசியாக 'கால் டிரேஸ்', யார் யாரை அழைத்து இங்கே வந்தது என்ற தடம். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கேள்விக்குறி போட்ட வரிகளை உடனே நம்பக் கூடாது; அவை அடுக்கில் (அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) கிடந்த பழைய எச்சங்களாக இருக்கலாம். பிழை விழுந்த இடமும் பிழை செய்த இடமும் ஒன்றல்ல என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இயக்கி தன் கட்டமைப்பை விடுவித்துவிடும், அதன் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வெகுநேரம் கழித்து அந்தக் கடிகாரம் அடிக்கும்போது சம்பந்தமில்லாத செயற்கூறின் பெயரில் ஊப்ஸ் வரும்.

பேனிக்கே வந்துவிட்டால் அறிக்கையைச் சேமிப்பதே பெரும்பாடு. வட்டில் எழுதக் கூடாது, கர்னலையும் நம்பக் கூடாது. இதற்குத்தான் 'கே-டம்ப்'. கணினி கிளம்பும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கர்னல் ஒன்றை ஏற்றிவைத்திருப்பார்கள். முதலாவது விழுந்ததும் எந்திரத்தை அணைக்காமலே இரண்டாவது எழுந்து, இறந்ததன் நினைவகம் முழுவதையும் கோப்பாக எழுதிவிடும். 2005இல் லினக்ஸ் 2.6.13இல் சேர்ந்த வசதியின் மேல் கட்டியது இது. வீட்டுக் கணினிக்குச் சமீபத்தில் வந்தது இன்னொன்று: 2024இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து, பேனிக் திரையில் அறிக்கையைக் க்யூஆர் குறியாகவே காட்டச் செய்யலாம்.

சாதாரணப் பயனர் அதிகம் சந்திக்கும் பேனிக்குகள் இரண்டு. இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் வேர்க் கோப்பு முறைமையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒன்று. கணினி கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வு நிரம்பியிருக்கும்போது கர்னலைப் புதுப்பித்தால், தொடக்க வட்டுப் படிமம் முழுதாக எழுதப்படாமல் போய் இது வரும். தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து உள்ளே போய் இடத்தைக் காலிசெய்தால் சரியாகும். மற்றது, இனிட் என்ற முதல் பணி செத்துவிட்டது என்பது. பக்கத்தில் இருக்கும் வெளியேற்ற எண்ணைப் பாருங்கள்: கடைசியில் பி என்று மட்டும் இருந்தால் நினைவக மீறலில் செத்தது, 100 என்று முடிந்தால் தானே பிழையோடு வெளியேறியது.

விண்டோஸில் இதே செயலுக்கு 'பக் செக்' என்று நிதானமான பெயர். உலகம் அதை நீலத்திரை என்றே அறியும். அமிகா கணினிகள் 'குரு மெடிட்டேஷன்' என்றன. குரு தியானத்தில் அமர்ந்துவிட்டார், இனிப் பேச மாட்டார். பேனிக்கைவிட எவ்வளவோ பொருத்தம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரைக்குப் போயின என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கர்னலுக்குள் ஓடிய இயக்கி எல்லை தாண்டி நினைவகத்தைப் படித்தது, கர்னல் நின்றது. அன்று விண்டோஸைத் திட்டியவர்கள் பலர். ஆனால் அந்த இடத்தில் நிற்பதுதான் அதன் கடமை.

இனித் தமிழ்ச்சொல். அகராதியைத் திறந்து 'பீதி' என்று வைப்பது எளிது. 'கர்னல் பீதி' என்று எழுதினால் படிப்பவருக்கு ஏதோ நோய்ப்பரவல் செய்தி போல இருக்கும். நடப்பது என்னவென்று விளங்காது. வேருக்கு உண்மையாக 'மிரட்சி' எனலாம். அதிலும் ஓட்டம்தான் இருக்கிறது, நிறுத்தம் இல்லை. 'முடக்கம்' பரவாயில்லை, ஆனால் முடங்குவது தானாக நேர்வது. பேனிக் முடிவெடுத்துச் செய்வது.

என் தேர்வு: கைவிரிப்பு. மருத்துவர் கைவிரித்துவிட்டார், கடன் கேட்டால் கைவிரித்துவிட்டான் என்கிறோம். என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று அறிந்து, அதை வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்குவது. ரிச்சி சொன்னதும் அதுதான். வினையாகவும் வளையும்: கர்னல் கைவிரித்தது, கைவிரிக்கும் நிலை, கைவிரிப்பு அறிக்கை. "கர்னல் கைவிரித்தது, வட்டில் எழுதவில்லை: முதல் பணி இறந்தது" என்று முழுச் செய்தியையும் எழுதிப் பார்த்தால் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது. பேச்சு வழக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேனிக்கும் ஊப்ஸும் எந்தச் செவ்வியல் ஏட்டிலிருந்து வந்தன? அந்த ஊப்ஸுக்கு 'அடடா' போதும். ஊப்ஸுக்குப் பின் கர்னல் தன்மேல் இட்டுக்கொள்ளும் 'டெயின்ட்' குறிக்குக் கறை. கறைபட்ட கர்னலின் அடுத்த அறிக்கையைப் பிழைநீக்குவோர் ஐயத்தோடுதான் படிப்பார்கள்.

கைவிரிப்பதற்கு எதிர்முனையும் உண்டு. சின்னத் தவறுக்கெல்லாம் எந்திரத்தைக் கொல்லும் நிரலை எழுதுகிறவர்களை டோர்வால்ட்ஸ் பலமுறை கடிந்திருக்கிறார். எச்சரித்துவிட்டு ஓடவிடு என்பது அவர் நிலை. அதற்கும் ஒருபடி மேலே, வன்பொருளின் பிழையைத் தெரிந்தே ஏற்று இணங்கிப் போகும் நிரல் கர்னலில் ஏராளம். 'குவர்க்ஸ்' (வினோதக் குணங்கள்) என்ற பெயரில் தனிக் கோப்பே இருக்கிறது. கணினிப் பிழையைக் குறிக்கும் பக் என்பதற்கு வழு என்று நாம் வைத்த சொல் இலக்கணத்திலிருந்து வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு மயங்குவது வழு என்கிறது நன்னூல். வழுவானாலும் காரணம் கருதி ஏற்பது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது போல. குவர்க்ஸுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. 1997இல் பென்டியம் செயலியில் ஒரு வழு வெளிப்பட்டது: யார் வேண்டுமானாலும் ஒரே ஒரு செல்லாத கட்டளையால் எந்திரம் முழுவதையும் உறையவைக்கலாம். சில்லை மாற்ற முடியாது. லினக்ஸ்காரர்கள் குறுக்கீட்டு அட்டவணையை நினைவகத்தில் வேறுவிதமாக அமைத்து, செயலி உறைவதற்கு முன்பே வேறொரு பிழை கிளம்பிக் கட்டுப்பாடு கர்னலிடம் வந்துவிடும்படி செய்தார்கள். நல்ல வழுவமைதி.