சொப்ரானோவும் பரிவுக் குழாயும்

மட்டக்களப்பில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் எடுத்தவர்களுக்குப் பரிவுக் குழாய்ப் பரிசோதனை மறந்திருக்காது. தண்ணீருக்குள் நிற்கும் குழாயின் வாய்க்கு மேலே, 512 ஹேட்ஸ் (விநாடிக்கு 512 அதிர்வு) இசைக்கவையைத் தட்டிப் பிடிப்போம். குழாயை மெல்ல உயர்த்திக்கொண்டே போக, உள்ளே இருக்கும் காற்று நிரல் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றருக்கு வந்ததும், முணுமுணுத்துக் கொண்டிருந்த கவை பக்கத்து மேசைக்கும் கேட்கிற அளவுக்கு ஒலிக்கும். யாரும் அதை ஓங்கித் தட்டவில்லை. நீளம் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் பரிவு.

மேற்கத்திய இசை நாடகமான ஒபெராவில் உச்சக் குரலில் பாடும் சொப்ரானோ பாடகியின் தொழில் இரகசியமும் பெரும்பாலும் இதுதான். அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்க, மைக் இல்லாமலே அவர் குரல் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைவரை போகிறது. கத்தித்தான் போகவேண்டும் என்றால் எந்தத் தொண்டை தாங்கும்?

குரல் நாண்களில் தொடங்கி உதட்டில் முடிகிற காற்றுவழியும் ஒரு குழாய்தான். பெண்களுக்கு அது 14, 15 சென்ரிமீற்றர் இருக்கும். நாக்கும் தாடையும் அசைய அசைய அதன் முதற் பரிவு மீடிறன், அதாவது அது பரிவு காட்டும் ஆகக் குறைந்த அதிர்வெண், மாறும். ‘இ’, ‘உ’ சொல்லும்போது 300, 400 ஹேட்ஸ் அளவில் நிற்பது ‘ஆ’ சொல்லும்போது 800ஐத் தாண்டும். பெண்ணின் பேச்சுக்குரல் 200 ஹேட்ஸ் அளவில் இருப்பதால் பேசும்போது சிக்கல் இல்லை. ஆனால் 700 ஹேட்ஸ் சுரத்தில் ‘இ’ பாட வேண்டி வந்தால்? சுரம் முதற் பரிவைத் தாண்டிப் போய்விட்டது, குழாய் கைகொடுக்காது. அப்போது பாடகி தாடையை இறக்குகிறார். முதற் பரிவு மேலேறிச் சுரத்தோடு பொருந்துகிறது. ஆய்வுகூடத்தில் கவையை விட்டுவிட்டுக் குழாயை மாற்றினோம் அல்லவா, அதே வேலை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சொப்ரானோக்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர்களின் வாயருகே வேறோர் ஒலியைச் செலுத்தி இதை அளந்து 2004இல் வெளியிட்டார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை, சொல். உச்சத்தில் ‘இ’யும் ‘உ’வும் ‘ஆ’ மாதிரியே கேட்கும். “என்ன பாடுறா எண்டே விளங்கேல்லை” என்று முகம் சுளிப்பவர்கள் பாடகியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் கூத்தில் கதை வேறு. வட்டக்களரி எனும் திறந்த வட்ட அரங்கில் வழக்கமாகப் பாடியவர்கள் ஆண்கள். அவர்களின் சுரம் பெரும்பாலும் முதற் பரிவுக்குக் கீழேயே நிற்கும். அதனால் சொல் பிழைத்துக்கொள்ளும். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. ஆனால் வேடக்காரர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து திருப்பிப் பாடுகிறார்கள். ஆடியவருக்கு மூச்சுவிட நேரமும் கிடைக்கிறது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்கு இது அருமையான பொறியியல் என்றே எனக்குப் படுகிறது.

சொப்ரானோவுக்குப் பிற்பாட்டு இல்லை. மோட்சார்ட்டின் ‘மந்திரக் குழல்’ (1791) ஒபெராவில் இராவின் அரசி என்னும் பாத்திரம் தொடும் உச்ச சுரம் ஏறத்தாழ 1,400 ஹேட்ஸ். ஒரு சென்ரிமீற்றரை ஒட்டிய நீளமுள்ள இரண்டு தசை மடிப்புகளான குரல் நாண்கள் விநாடிக்கு அத்தனை தடவை அதிர வேண்டும். பரிவு எவ்வளவு உதவினாலும் இந்தத் தேய்மானத்தை அது முழுதாக நீக்காது. அதனால்தான் இருபதுகளில் இலேசான பாத்திரங்கள், ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனத்த பாத்திரங்கள் முப்பதைத் தாண்டி என்று வரிசை வைத்திருக்கிறார்கள். 1946இல் ஸ்டொக்ஹோமில் மேடையேறிய சுவீடன் சொப்ரானோ பிர்கிற் நில்சன் 1984 வரை தொழிலில் இருந்தார். இன்னொரு புகழ்பெற்ற சொப்ரானோ மரியா கலாஸ் கடைசியாக ஒபெரா மேடையில் பாடியது 1965இல், 41 வயதில். ஏன் என்று இன்றும் வாதாடுகிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் மாற்றத்தால் பலருக்கு மேல் சுரங்கள்தான் முதலில் கைவிடும்.

அப்புறம் வரட்சி. நாண்களின் மேற்பரப்பு ஈரமாக இல்லாவிட்டால் அவற்றை அதிர வைக்கவே நுரையீரல் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டும். பாடகிகள் குளிரூட்டிக்கும் விமானப் பயணத்துக்கும் பயப்படுவது இதனால்தான். கச்சான் வீசும் நாட்களில், நாற்பது பிள்ளைகளுக்கு மேலாகக் குரல் எடுத்துப் படிப்பிக்கும் ஆசிரியைமாருக்குப் பின்னேரம் தொண்டை கட்டுவதிலும் அந்த வரட்சிக்குப் பங்கு உண்டு.