கற்பூரம் மோந்தா மாரடைப்பு நிக்காதுங்க

ஏழு மலை ஏறி சிவனைக் கும்பிடுற வெள்ளியங்கிரி சீசன் பிப்ரவரில ஆரம்பிச்சா மே கடைசி வரைக்கும் கோயமுத்தூர்ல எமர்ஜென்சி டியூட்டி பாக்குற எங்களுக்கு சனி ஞாயிறுன்னாலே திக்குன்னு இருக்கும். இந்த வாரமும் ஒரு கேஸ். மூணாவது மலைலயே நெஞ்சை இறுக்கிப் பிடிச்சிருக்கு, வேர்த்துக் கொட்டியிருக்கு, கூட வந்தவங்க "மேல ஆக்ஸிஜன் கம்மி மாப்ள, இந்தா கற்பூரம் மோந்துக்கோ"ன்னு சொல்லி ஆறாவது மலை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்காங்க.

இந்த ஆக்ஸிஜன் கதையை யார் கெளப்பி விட்டாங்கன்னு தெரியல. வெள்ளியங்கிரி உச்சி சுமார் 6000 அடி, ஊட்டி 7000 அடிக்கு மேல. ஊட்டி போட் ஹவுஸ் வாசல்ல மொளகா பஜ்ஜி தின்னுட்டு நிக்கும்போது யாராச்சும் கற்பூரம் மோந்திருக்கீங்களா? ஆக்ஸிஜன் கொஞ்சம் குறையும்தான், ஆனா நல்லா இருக்குற ஆளை சாய்க்கிற அளவுக்கு இல்ல. கற்பூரம் என்ன பண்ணும்னா மூக்குல குளிர்ச்சியை உணர்ற நரம்பை சீண்டிவிடும், அடைப்பு விட்ட மாதிரி ஒரு நெனப்பு வரும், அவ்ளோதான், ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒரு பாயிண்ட் கூட ஏறாது. சிலர் வாயிலயே போட்டு மெல்றாங்களாம், தயவுசெஞ்சு வேணாம், உள்ள போச்சுன்னா வலிப்பு வரும். இப்ப புதுசா பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வேற, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு பாக்குற கருவி. மேல இருக்கிற ஆண்டி சுனைத் தண்ணில குளிச்சு விறைச்சுப் போன விரல்ல மாட்டினா அது வாய்க்கு வந்த நம்பரைக் காட்டும், அதைப் பாத்து இன்னும் பதறுறாங்க.

ஆளை சாய்க்கிறது ஏத்தம்தாங்க. ஆறு கிலோமீட்டருக்குள்ள சுமார் 4000 அடி, அதுவும் ராத்திரி முழுக்க தூங்காம. வருஷம் பூரா சேர்ல உக்காந்து வேலை பாத்துட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, அடிவாரத்துல பூண்டில எறங்கி ஒரு மூங்கில் தடியை வாங்கிட்டு அப்படியே ஏறினா இதயம் என்ன பண்ணும்? "போன மாசம்தான் ஈசிஜி எடுத்தேன் சார், நார்மல்"னு சொல்லுவாங்க. அது படுத்துக்கிட்டு எடுத்த ஈசிஜி. படுத்துக்கிட்டா மலை ஏறப் போறீங்க? நாப்பது தாண்டினவங்க, சுகர், பிரஷர், சிகரெட் இருக்கிறவங்க, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுலயே அட்டாக் வந்த வீடுன்னா டாக்டர்கிட்ட கேட்டு டிரெட்மில் டெஸ்ட், அதாவது நடக்க வச்சு எடுக்கிற ஈசிஜி, பாத்துட்டு வாங்க. ஏற்கனவே இதய நோய், வீசிங் இருக்கா, அடிவாரத்துலயே கும்பிட்டுக்கங்க, சாமி கோவிச்சுக்காது.

ரெண்டு மாசம் முன்னாடியே தெனமும் நடங்க, படி ஏறுங்க. மலைல பேசிக்கிட்டே ஏற முடியணும், பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தி. விரதம்னு பட்டினி கெடந்து சுகர் மாத்திரையை மட்டும் போட்டுட்டு ஏறாதீங்க, சுகர் ரொம்ப எறங்கிடும், டோஸ் என்னன்னு முன்னாடியே கேட்டுக்கங்க, பையில கடலை மிட்டாய் இருக்கட்டும்.

நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இடது கை கனம், குளிர்லயும் வேர்வை, இதுல எது வந்தாலும் வாய்வுன்னு சோடா தேடாதீங்க. உக்காருங்க, அப்பவே பக்கத்துல இருக்கிற வனத்துறை ஆளுக்கு சொல்லி அனுப்புங்க. அந்தப் பாதைல ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டித்தான் தூக்கிட்டு வரணும், அதுக்கே மணிக்கணக்காகும், இதயக் குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து ஆஸ்பத்திரில எங்க கையில ரெடியா இருந்து என்ன பிரயோஜனம்? அதுனால "நீ இங்கயே உக்காரு மச்சி, நாங்க தரிசனம் முடிச்சுட்டு வர்றப்ப கூட்டிட்டுப் போறோம்"னு மட்டும் யாரையும் விட்டுட்டுப் போயிடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன், ஒருத்தராவது கூடவே இருங்க.