மாமாவின் வேகன் ஆரும் 95 பெற்றோலும்

பலாலி வீதியில் பெற்றோல் செற்றுக்குள் காரை விட்டதும் மாமா கண்ணாடியை இறக்கி, "தம்பி, 95 அடி" என்றார். அவரிடம் இருப்பது 660 சிசி வேகன் ஆர். "ஏன் மாமா, 92 காணாதோ?" என்று கேட்டேன். "நல்ல தீன் போட்டால்தானே மாடு நல்லா இழுக்கும்" என்றார். அடித்துக்கொண்டிருந்த பெடியன் சிரித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டுக் கதையில்தான் பிழை. 92, 95 என்ற ஒக்டேன் எண்கள் பெற்றோலின் சத்தைச் சொல்வதில்லை. எதில் ஒரு லீற்றரை எரித்தாலும் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான், 32 மெகாஜூல் அளவில். எண் சொல்வது பெற்றோலின் பொறுமையை. அமுக்கினாலும் சூடேற்றினாலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதை.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும். இருபது முப்பது தடவை அமுக்கிய பிறகு பம்மின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும், அவ்வளவுதான். பெற்றோல் எஞ்சினுக்குள்ளும் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெற்றோலாவியையும் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி தட்டும். பொறி தட்டிய இடத்திலிருந்து நெருப்பு ஒரு சுவர் போலப் பரவி மறுபக்கம் போகவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது இதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 மில்லிசெக்கன். பிஸ்டன் இறங்கத் தொடங்கும் நேரத்துக்கு அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் தள்ளு சரியாக விழும்.

சிக்கல் கடைசி மூலையில்தான். நெருப்பு அங்கே போய்ச் சேருமுன் முன்னால் எரிந்த வாயு விரிந்து, எரியாமல் மிஞ்சியதை இன்னும் நெருக்குகிறது, இன்னும் சூடேற்றுகிறது. பொறுமையில்லாத பெற்றோல் என்றால் அந்த மிச்சம் முழுவதும் ஒரே நேரத்தில் தானாகப் பற்றிவிடும். அழுத்த அலை சிலிண்டரின் சுவரில் மோதி மோதித் திரும்பும். வெளியே நமக்குக் கேட்பது தகரப்பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, கியரைக் குறைக்காமல் திடீரென்று மிதித்தால் பழைய கார்களில் வரும். இதைத் தொடர விட்டால் பிஸ்டனின் தலையே கருகிக் குழிவிழும்.

ஒக்டேன் எண்ணுக்கு ஓர் அளவுகோலைத் தந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர், 1920-களில். ஏழு காபன் அணுக்கள் நேர்கோடாகக் கோத்த ஹெப்டேன் சட்டென்று பற்றும். அதற்கு 0. கிளைவிட்டு உருண்டு நிற்கும் ஐசோ-ஒக்டேன் இலகுவில் அசையாது. அதற்கு 100. சோதனை எஞ்சினில் உங்கள் பெற்றோல், 92 பங்கு ஐசோ-ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் போல நடந்துகொண்டால் அது 92. நடத்தைக்குத்தான் புள்ளி, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கல்ல.

இந்தப் பாடத்தை யாழ்ப்பாணம் புத்தகத்தில் படிக்கவில்லை. 1990-இல் போரோடு பொருளாதாரத் தடையும் வந்து பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காமல் போனபோது, இங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட வெகு கீழே. புதிய எஞ்சின்கள் முரண்டு பிடிக்க, கொட்டிலுக்குள் கிடந்த ஒஸ்ரின் ஏ-40-உம் மொறிஸ் மைனரும் மறுபடி தெருவுக்கு வந்தன. காரணம் பழசின் மேலுள்ள பாசமல்ல. அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையை ஏழில் ஒன்று அளவுக்குத்தான் நெருக்கும். பொறுமையைச் சோதிக்காத எஞ்சினுக்குப் பொறுமையில்லாத எண்ணெயும் போதும்.

எஞ்சின் சூடாகும் வரை மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால் தொடக்கத்துக்கு மட்டும் பெற்றோல் வேண்டும். சூப்பிப் போத்தலில் பொக்கிசம் போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில சொட்டுப் பீச்சி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தோட்டக்காரருக்கு அது புதுமையில்லை. இறைப்பு மிசின்கள் அதற்கு முன்பே அப்படித்தான், சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். ஆனால் பாரம் ஏற்றினால் அந்தக் கார்கள் கடகடக்கும். சாவியை எடுத்த பிறகும் இரண்டு மூன்று தடவை உதறிவிட்டுத்தான் அடங்கும். பொறி இல்லாமலே பற்றுகிறது என்றுதான் அதற்குப் பொருள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கிவிடும்.

சரி, மாமாவின் வேகன் ஆருக்கு வருவோம். அது ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த வாகனம். அங்கே 'ரெகுலர்' பெற்றோலுக்கு நாட்டின் தரநியமப்படி இருக்கவேண்டிய ஒக்டேன் குறைந்தது 89. உயர்தரம் என்றால் 96-உம் அதற்கு மேலும். நமது 95 அங்கே உயர்தரக் கணக்கில் சேராது! வேகன் ஆர், விட்ஸ், அக்வா எல்லாம் ரெகுலருக்குப் பிறந்தவை. அக்வாவின் நெருக்கல் விகிதம் 13.4 என்று பார்த்துப் பயப்படவேண்டாம். உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால் உண்மையில் நெருங்குவது அதைவிடக் குறைவு. ஆக, 92 ஊற்றினாலே தேவைக்கு மேல்தான்.

அப்படியென்றால் 95-இல் எஞ்சின் ஏதாவது கூடுதலாக எடுத்துக்கொள்ளாதா? எடுத்துக்கொள்ளக்கூடிய எஞ்சின்கள் உண்டு. சிலிண்டர்ச் சுவரில் அந்தத் தகரப்பேணிச் சத்தத்தை உணரும் ஒரு சின்ன நொக் சென்சர் காது வைத்துக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் கணினி பொறி தட்டும் நேரத்தைப் பின்தள்ளும், அதில் கொஞ்சம் இழுவை போகும். சத்தம் இல்லையென்றால் முன்தள்ளிப் பார்க்கும், ஆனால் தொழிற்சாலை எழுதிவைத்த எல்லை வரைதான். 95-ஐ எதிர்பார்த்துச் செய்த, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் டேர்போ எஞ்சின்களுக்கு அந்த எல்லை மேலே இருக்கிறது. 92 ஊற்றினால் அவை ஓடும், சோர்ந்து ஓடும். அந்தக் கார்க்காரர் 95-க்குக் கொடுக்கும் காசு வீண்காசு அல்ல. ரெகுலர் எஞ்சின் 92-இலேயே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மிச்சப் பொறுமைக்கு வேலை ஏது? அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் ரெகுலருக்கென்றே செய்த எஞ்சின்களில் உயர்தரப் பெற்றோலைச் சோதித்தது. வலுவிலும் சிக்கனத்திலும் புகையிலும் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுச் சொந்தங்கள் இந்த இடத்தில் குழப்பத்தைக் கூட்டுவார்கள். ரொறன்ரோ மச்சான் "நாங்கள் 87 தான் அடிக்கிறம்" என்பார், லண்டன் சித்தப்பா "இஞ்ச 95 தான் சாதாரணம்" என்பார். கனடாவில் எழுதுவது இரண்டு விதச் சோதனைகளின் சராசரி. நாமும் பிரிட்டனும் எழுதுவது அவற்றில் இலகுவான சோதனையின் எண்ணை மட்டும். மச்சானின் 87, நமது கணக்கில் 91, 92 வரும். லண்டன்காரர் மட்டும் உண்மையிலேயே ஒரு படி மேலேதான் ஊற்றுகிறார்.

95-க்காக ஒரு வாதத்தை நான் ஒப்புக்கொள்வேன். யூரோ 4 என்ற ஐரோப்பியத் தரம் சொல்லி விற்கும் 95 பெற்றோலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கைத் தாண்டக்கூடாது. அது புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கும் நமது மூச்சுக்கும் நல்லது. ஆனால் அது ஒக்டேனின் புண்ணியம் அல்ல, கந்தகத்தைக் கழுவியதன் புண்ணியம். நிறையக் கரி பிடித்த பழைய எஞ்சின் 92-இல் சத்தம் போட்டாலும் கொஞ்ச நாள் 95 அடிக்கலாம், கராஜில் காட்டும் வரைக்கும். மற்றபடி யாழ்ப்பாணம் தட்டை நிலம். கடுகண்ணாவை மலைப்பாதையில் ஆறு பேரோடு ஏறுகிறவருக்கு இருக்கும் கவலை, கோண்டாவிலிலிருந்து டவுனுக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

காசுக் கணக்கு இன்னும் எளிது. விலை அடிக்கடி மாறும். 92-க்கு 300 ரூபாய், 95-க்கு 340 என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட காசு திரும்பவேண்டுமானால் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 17 ஓடவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் காரில் பெற்றோல் அடிக்கும் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஜப்பானிய எழுத்துக்குப் போன் கமராவைக் காட்டினேன். 'ஈயம் கலக்காத ரெகுலர்' என்று வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "அது ஜப்பான் பெற்றோலுக்கு எழுதினது" என்றார். வாதாடிப் பயனில்லை என்று ஒரு கொப்பியைக் கொடுத்தேன். தாங்கி நிரம்ப 92, மீற்றரைக் குறித்துக்கொள், மறுபடி நிரப்பும்போது ஓடின தூரத்தை அடித்த லீற்றரால் வகு. அப்புறம் 95-க்கும் அதே. ஒவ்வொன்றுக்கும் மூன்று தாங்கியாவது. முதல் பக்கத்தில் திகதி மட்டும் எழுதியிருக்கிறார், இரண்டாவது தாங்கி இன்னும் முடியவில்லை.