சக்கரத்தைத் திருப்பிய எலி

வெள்ள நிவாரண முகாம்களில் தன்னார்வலராக வேலை செய்யும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீடு, ஆடு மாடு எல்லாம் போய் முகாமுக்கு வந்தவர்களில் சிலர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடு கொடுத்தால்கூடக் கை நீள்வதில்லை. நடந்ததைச் சொல்லவைத்து அழவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்கிறார்கள். அது சரியா?"

வற்புறுத்திப் பேசவைக்காதீர்கள். அவர்களாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். ஆபத்து நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை 1980களில் பல நாடுகளில் பரவியது. பிறகு அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997-ல் வெளியான ஆய்வில், 13 மாதம் கழித்து, அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு பி.டி.எஸ்.டி என்கிற நீடித்த மனக்காயக் கோளாறு இருந்தது. அமர்வு பெறாதவர்களில் 9 சதவீதம்தான். முதல் குழுவினருக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்று அதிகம் என்பதால் முழு வித்தியாசத்தையும் அமர்வின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் இதுபோன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நன்மை எதுவும் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதெல்லாம் மூன்று வேலைகள்: கவனி, கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு.

சரி, அந்த அசைவற்ற உட்காரல் எங்கிருந்து வருகிறது? ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், உடல் ஓடவோ சண்டையிடவோ தயாராகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கை நீளாமல் இருப்பதற்கு அந்தப் பாடத்தில் விளக்கம் இல்லை.

1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே கஷ்டமான சோதனை. தப்ப வழியில்லாத ஷாக்கை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு தடுப்பைத் தாண்டினால் போதும் என்ற நிலையிலும் தாண்டவில்லை. 'இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன' என்று அதற்கு விளக்கம் தந்தார்கள்.

மேயர் அத்தோடு விடவில்லை. பல ஆண்டுகள் எலிகளை வைத்து இதே கேள்வியைத் துரத்தினார். இரண்டு பெட்டிகளில் இரண்டு எலிகள். இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில் ஷாக். இரண்டின் முன்னாலும் ஒரு சின்னச் சக்கரம். முதல் எலி தன் சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்குமே ஷாக் நிற்கும். இரண்டாவது எலியின் சக்கரம் எதனோடும் இணைக்கப்படாதது. ஆக, இரண்டும் பட்ட வலி நொடிக்கு நொடி ஒன்றுதான். மறுநாள் இரண்டையும் வேறொரு பெட்டியில், சுலபமாகத் தப்பக்கூடிய ஷாக்கில் விட்டார்கள். முதல் எலி ஓடித் தப்பியது. இரண்டாவது சுருண்டு படுத்துக்கொண்டது.

மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்று, செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கூட்டம் ஒன்று உண்டு. துன்பம் நீடித்தால் அது தானாகவே கிளர்ந்து, பயத்தைக் கூட்டி, தப்பும் முயற்சியை அடக்குகிறது. இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 'நான் செய்தது பலிக்கிறது' என்பதைக் கண்டுபிடிப்பது மூளையின் முன்பக்கம், முன்புறணியின் நடுப்பகுதி. கண்டுபிடித்ததும் அது கீழே சேதி அனுப்பி ராஃபேயை அமைதிப்படுத்துகிறது.

2005-ல் மேயரின் குழு முதல் எலியின் அந்த முன்பகுதியை மட்டும் மருந்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்தது. எலி வழக்கம்போலச் சக்கரத்தைத் திருப்பியது, ஷாக்கும் ஒழுங்காக நின்றது. ஆனால் மறுநாள், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத எலியைப் போலவே சுருண்டது! கை ஜெயித்தது, சேதி மட்டும் கீழே போய்ச் சேரவில்லை. அப்புறம் தலைகீழாகவும் செய்தார்கள்: சக்கரம் வேலை செய்யாத எலியின் முன்பகுதியைத் தூண்டிவிட்டார்கள். மறுநாள் அது தப்பித்தது. இன்னொன்று, ஒருமுறை உண்மையான கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிறகு தப்ப முடியாத ஷாக்கைச் சந்தித்தபோதும் முடங்கவில்லை.

2016-ல் அதே இருவரும் சேர்ந்து, தங்கள் பழைய விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். முடக்கம் இயல்பாக வருவது, கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடுதான் என்று. எலி வாலில் ஷாக் வைக்க அரசுப் பணமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். இப்படிப்பட்ட விடைக்கு ஐம்பது வருடம் பிடிக்கும், அதுவரை பணம் நிற்காமல் வரவேண்டும்.

எலியிலிருந்து மனிதருக்கு அப்படியே தாவிவிட முடியாது. ஆனால் மனக்காயம் பட்டவர்களோடு பழகியவர்கள் அனுபவத்தால் வந்து சேர்ந்த இடமும் இதுவே. அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பு 2014-ல் வகுத்த கொள்கைகளில் பாதுகாப்பு, நம்பகத்தன்மையோடு 'தேர்வு செய்யும் உரிமை'யும் இருக்கிறது.

முகாமில் அது மிகச் சின்ன விஷயங்களில் தொடங்கும். "டீ வேணுமாம்மா, தண்ணி போதுமா?" "பக்கத்துல உட்காரட்டுமா, தள்ளி உட்காரட்டுமா?" "டாக்டர் வந்து கையில பிரஷர் பட்டை கட்டுவார். இப்ப வரச் சொல்லவா, சாப்பிட்டப்புறமா?" வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். டீ வேண்டாம் என்றவர் கையில் டம்ளரைத் திணித்தால், அவருக்குக் கொடுத்தது இரண்டாவது எலியின் சக்கரம். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். நிவாரணத் தொகை எப்போது வரும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். சமையல் பக்கம் வந்து காய் நறுக்கக் கேட்கும் பெண்களை "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று திருப்பி அனுப்புகிறோம். தயவுசெய்து கத்தியையும் கூடையையும் கொடுங்கள்.

இப்படி முடங்கியவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று இழுத்துப்போவதும் உண்டு. அவரே விரும்பித் தாயத்து கட்டிக்கொண்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கட்டிப்போடுவதும் அடிப்பதும் வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். முடங்கிய மனதுக்குச் சங்கிலி மருந்து என்று நம்பியதன் விலை அது.

பெரும்பாலானவர்கள் தூக்கமும் சொந்தபந்தமும் திரும்பக் கிடைக்க, சில வாரங்களில் மெல்லத் தேறுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுங்குதல் நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். "நீங்களே பேசுறீங்களா, நான் போட்டுத் தரவா?" என்று கேளுங்கள். செத்துப்போகலாம் என்று ஒருவர் பேசினால் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.