பிரேக்கை மிதித்த கால்

எதிரே வரும் வண்டி மோதப்போகிறது என்று தெரிந்த நொடியில் எந்த ஓட்டுநருக்கும் வலது கால் தானாகவே பிரேக்கில் போய் இறுகும். பல நேரம் உயிரைக் காப்பது அந்த மிதிதான். அதையும் மீறி வண்டி மோதினால், மாட்டிக்கொள்வதும் அந்தக் கால்தான்.

நேருக்கு நேர் மோதலில் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்கின்றன. பாதத்தை அவை தாங்குவதில்லை. முன்பக்கம் நசுங்க நசுங்க, கால் வைக்கும் தரைத்தகடு பெடலோடு உள்ளே ஏறி வருகிறது. ஓட்டுநரின் உடலோ முன்னே போகிறது. பிரேக்கை அழுத்த முறுக்கேறிய கெண்டைச்சதை குதிகாலை மேலே இழுத்து, கணுக்கால் மூட்டை இன்னும் நெரிக்கிறது.

இதில் நொறுங்கும் இடங்களில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவின் அடிமுனை. 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் டெஸ்டோ அதற்கு 'பிலான்' என்று பெயரிட்டார். உலக்கை என்று பொருள். உரலில் இடித்ததுபோல் மூட்டுப்பரப்பே சில்லுசில்லாகிவிடும்.

அதற்கு நேர் கீழே இருக்கும் டாலஸ் எலும்பின் கதை இன்னும் வேதனையானது. முதல் உலகப்போரில் விழுந்து நொறுங்கிய விமானங்களின் ஓட்டிகளுக்கு, விமானத்தைத் திருப்பக் காலால் அழுத்தும் சுக்கான் கட்டையில் வைத்திருந்த கால்களில் இதே எலும்பு முறிந்தது. 1919இல் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதை 'விமானியின் கணு எலும்பு' என்றே அழைத்தார். இன்று சுக்கான் கட்டையின் இடத்தில் பிரேக் பெடல் இருக்கிறது. பெடல் பாதத்தை மேல்நோக்கி வளைக்க, டாலஸின் கழுத்து டிபியாவின் விளிம்பில் மோதி முறிகிறது.

இந்த எலும்பில் எந்தத் தசையும் ஒட்டியிருப்பதில்லை. மேற்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் வழவழப்பான குருத்தெலும்பு. இரத்தக்குழாய் நுழையக் கிடைக்கும் இடமே கொஞ்சம். அதிலும் முக்கியமானவை கழுத்து வழியாக நுழைந்து பின்னோக்கி ஓடுகின்றன. கழுத்து முறிந்தால் பின்பகுதி இரத்தமின்றிச் செத்துப்போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலையையும் வயிற்றையும் பார்க்கும் அவசரத்தில் பாதத்தின் நடுமூட்டு முறிவுகள் கண்ணில் படாமல் போவதுண்டு. விபத்துக்குப் பின் உள்ளங்காலில் இரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள்.

டாலஸ் முறிந்தவரின் காலை 6 முதல் 8 வாரங்களுக்குள் எக்ஸ்ரே எடுத்து மருத்துவர்கள் ஒரு கோட்டைத் தேடுவார்கள். ஊன்றாமல் வைத்திருக்கும் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். அதை அள்ளிப்போக இரத்தம் ஓடினால்தான் கரையும். அப்படிக் கரைந்திருந்தால் எலும்பின் மேல்வளைவுக்குச் சற்றுக் கீழே மெல்லிய கருங்கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் எலும்புக்கு உயிர் இருக்கிறது.