கெட்டியாக் கலக்காதீங்க, பாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு, தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதிகம் வருவார்கள். சந்தைக்கு வந்த கையோடு எட்டிப் பார்ப்பார்கள். அப்படி வந்தார் ஒரு பாட்டி. நாலு வயதுப் பேரனுக்கு முதல் நாளிலிருந்து வயிற்றால் போகிறதாம்.

"நீ குடுத்த உப்புத்தூள் ஒண்ணும் கேக்கலம்மா. பவரா வேற இருந்தா குடு."

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான் சொன்னார். எப்படிக் கலக்கினீர்கள் என்று கேட்டு, ஒரு கப்பையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினேன். வீட்டில் ஊற்றுகிற அளவுக்கு ஊற்றிக் காட்டினார். அளவுக் குவளையில் மாற்றிப் பார்த்தால் 110 மில்லி. அதில் இரண்டு பாக்கெட். "நல்லாப் பிடிக்கட்டும்னுதாம்மா." ஒவ்வொரு பாக்கெட்டும் 250 மில்லிக்கு உரியது. ஆக, நாலு மடங்குக்கும் மேல் கெட்டி.

மருந்தில்லாமல் ஊறுகாயில் ஆரம்பித்தேன். "மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வச்சா, மறுநாள் ஜாடியில என்ன இருக்கும்?" "தண்ணி விட்டிருக்கும்." அந்தத் தண்ணீர் மாங்காய்க்குள் இருந்த தண்ணீர். வெளியே உப்பு அதிகமானதும் செல்லை விட்டு வெளியேறிவிட்டது. கெட்டியான கரைசல் குடலுக்குள் போனாலும் இதே கதைதான்: உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்த குழந்தைகளும் உண்டு. சிராப் தண்ணீர், கேஸ் பானம் கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு.

அப்படியானால் வெறும் தண்ணீர் போதாதா? போதாது. இங்கேதான் செல்லின் சவ்வு எனக்கு அலுக்காத விஷயமாகிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கைவிடவும் மெல்லியது அது. இரண்டு அடுக்குக் கொழுப்பு. ஆக்சிஜன் தானாக நுழைந்துவிடும். உப்பும் சர்க்கரையும் நுழையாது, அவற்றுக்குக் கதவு வேண்டும். சிறுகுடல் செல்லில் உள்ள ஒரு கதவுக்கு விசித்திரமான குணம். ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியம் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். தனியாக வந்தால் திறக்காது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும் என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார்.

காலரா நஞ்சு குடல் செல்லிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கும். ஆனால் இந்த உள்வாசலை அது கெடுப்பதில்லை. 1971-இல் வங்காள அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் போங்கானில் காலரா பரவி, ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் நம்பியது அந்த வாசலைத்தான். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைச் சொந்தக்காரர்களே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் கலவையை இன்னும் நீர்க்கச் செய்தது. இன்றைய கலவையில் சோடியமும் குளுக்கோஸும் சரிசமம், லிட்டருக்கு 75 மில்லிமோல் (எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு).

பாக்கெட் எத்தனை மில்லிக்கு என்று அட்டையில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்கெட்டே இல்லாத ராத்திரி என்றால், ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிட்டிகைக் கணக்கெல்லாம் வேண்டாம். உங்கள் சிட்டிகையும் என் சிட்டிகையும் ஒன்றல்ல. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் குழிவு விழுந்தால், ஆறு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால், பிள்ளை துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பாட்டியின் பேரனையும் அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கிளம்பும்போது 250 மில்லிக்குக் கோடு போட்ட காலி பாட்டில் ஒன்றையும் கையில் கொடுத்தேன். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தக் காலத்துல லயத்துல நாங்க கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுப்போமே, அது?"

"அதுவும் அதே கதவுதான் பாட்டி. கஞ்சி, குடல்ல போய் குளுக்கோஸா மாறிடும்."

"அப்ப எதுக்கும்மா நீ இத்தனை நேரம் பேசுன?"